குத்துவிளக்கு ஏன் திருட்டுப் போனது? குற்றவியல் பட்டப்படிப்பைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

டர்பனில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வகுப்பு முடிந்ததும் இன்னொரு வேலை தொடங்கிவிடும். மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். குவாசூலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கு மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பெண் முதல் விருப்பமாகக் குற்றவியல் என்று எழுதினாள்.

பக்கத்தில் இருந்த அவளுடைய ஆயாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "குற்றமா? அதை யாராவது காசு கொடுத்துப் படிப்பார்களா?" என்றார். "போலீஸாகப் போகிறாள் போலிருக்கிறது" என்றார் மாமா. "இல்லை, வக்கீல் படிப்பு" என்று திருத்தினார் தாயார். அந்தப் பெண்ணைக் கேட்டேன். தயங்கித் தயங்கி, "பிணத்தைப் பார்த்து யார் கொன்றார்கள் என்று கண்டுபிடிப்பதுதானே, அங்கிள்?" என்றாள்.

நான் இந்தப் படிப்பைப் படித்தவன். எனக்கும் பதினெட்டு வயதில் இதைவிட நல்ல பதில் தெரிந்திருக்கவில்லை. அன்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

பாதிக் குழப்பத்துக்குத் தமிழ்ச் சொல்லே காரணம். "குற்றவியல் நீதிமன்றம்", "குற்றவியல் வழக்கு" என்று நாளிதழ்களில் படிக்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்குக் குற்றம் சார்ந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஆனால் உயிரியல், சமூகவியல் என்னும்போது "இயல்" என்பது ஓர் ஆய்வுத் துறையைக் குறிக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் குற்றவியல் இந்த இரண்டாவது வகை. சட்டத்துறையும் ஆய்வுத்துறையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதால் தாயாருக்கு வக்கீல் கோட்டு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இரத்தம், ரேகை, தோட்டா ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது தடயவியல். அதற்கு வேதியியலோ உயிரியலோ படித்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வருபவர் அந்தத் துறைக்காரர்.

ஒரு விளக்கு, ஐந்து பேர்

2022 இறுதியில் எங்கள் கோயிலில் ஒரு குத்துவிளக்கு திருட்டுப் போனது. நாச்சியார்கோவிலில் வார்த்த பித்தளை விளக்கு, இடுப்புயரம், இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். காலையில் நடை திறந்தபோது விளக்கு நின்ற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. பாதி எரிந்த ஐந்து திரிகளும் திண்ணையில் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. மிச்ச எண்ணெயை அபிஷேக வாளியில் ஊற்றிவிட்டுத்தான் கொண்டுபோயிருந்தார்கள். திருட வந்தவர்களுக்கும் சட்டையில் எண்ணெய் படுவது பிடிக்காது போலும்.

இந்த ஒரே நிகழ்ச்சியை ஐந்து பேர் ஐந்து விதமாகப் பார்ப்பார்கள். காவல்துறைக்காரர் "யார் எடுத்தது?" என்று கேட்பார். தடயவியலாளர் "என்ன விட்டுச் சென்றார்கள்?" என்று பார்ப்பார். வழக்கறிஞருக்கு, இது வெறும் திருட்டா, பூட்டை உடைத்துப் புகுந்த திருட்டா, சான்று நீதிமன்றத்தில் நிற்குமா என்பது கவலை. உளவியலாளர், ஆள் பிடிபட்டால், அந்த ஒரு மனிதனின் மனதுக்குள் போய்ப் பார்ப்பார்.

குற்றவியல் படித்தவர் ஐந்தாவது ஆள். அவர் கேட்பவை வேறு. உண்டியலை விட்டுவிட்டு ஏன் பித்தளையை எடுத்தார்கள்? ஏன் இந்த ஆண்டு? இத்தனை கோயில்கள் இருக்க ஏன் இது? நூறு ஆண்டுகளாக விளக்கு இதே இடத்தில் நின்றிருக்கிறது. இதே ஊரில் ஏழைகளும் இருந்திருக்கிறார்கள். இப்போது மட்டும் என்ன மாறியது? கொண்டுபோன விளக்கை யார் வாங்கினார்கள்?

கடைசிக் கேள்விதான் பொன்னான கேள்வி. பக்தியால் யாரும் அந்த விளக்கைத் திருடவில்லை; உடைத்து எடை போட்டு விற்கத்தான் திருடினார்கள். செம்பும் செம்பு கலந்த உலோகங்களும் நல்ல விலைக்குப் போகின்றன. இரயில் பாதையின் மேலே ஓடும் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, வீட்டுத் தண்ணீர்க்குழாய் என எல்லாம் அறுத்து எடுக்கப்பட்ட காலம் அது. 2022 நவம்பர் 30 அன்று தென்னாப்பிரிக்க அரசு இரும்பு, செம்புக் கழிவு உலோகங்களை ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. பழைய பொருள் வாங்கும் கடைக்காரர் பதிவு செய்துகொண்டு, விற்க வந்தவரின் விவரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இரண்டுமே திருடனைத் துரத்தாமல் சந்தையைக் குறி வைத்தவை. அவை பலித்தனவா என்பது தனி வழக்கு. ஆனால் அப்படி யோசிக்கும் முறை இருக்கிறதே, அதுதான் குற்றவியல்.

காலரா சொல்லும் பாடம்

இன்னும் புரியாதவர்களுக்கு நான் சொல்லும் உவமை காலரா. 2000 ஆகஸ்டில் எங்கள் மாகாணத்தின் வடபகுதியில் தொடங்கிய காலரா, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. மருத்துவர்கள் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள், ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். வேறு சிலர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நோய் ஏன் அங்கே தொடங்கியது என்று பார்த்தார்கள். அதுவரை இலவசமாக வந்த குழாய்த் தண்ணீருக்குக் காசு கேட்கத் தொடங்கியதும், கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது.

நோயாளியைப் பார்ப்பவர் மருத்துவர். நோய் எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எவர் வீட்டில் என்று பார்ப்பவர் பொதுச் சுகாதார ஆய்வாளர். காவலரும் வழக்கறிஞரும் முதல் வகை என்றால் குற்றவியலாளர் இரண்டாம் வகை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: குற்றவியல் ஒரு சமூக அறிவியல். எதைக் குற்றம் என்று சட்டம் இயற்றுகிறோம், மனிதர்கள் அதை ஏன் மீறுகிறார்கள், மீறியவர்களைச் சமூகமும் அரசும் என்ன செய்கின்றன என்னும் மூன்று கேள்விகளும் அதற்குள் வருகின்றன. குற்றவாளியைப் பிடிப்பது அதன் வேலை இல்லை.

குற்றம் என்று சொல்வது யார்?

முதலாமாண்டு மாணவர்களை அதிகம் திகைக்கவைப்பது இதுதான். குற்றம் என்பது கல்லைப் போலவும் மண்ணைப் போலவும் இயற்கையில் கிடக்கும் பொருள் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்காவது இந்த மயக்கம் இருக்கக் கூடாது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதில் வந்த கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், முதலாளியின் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் அது குற்றம். நோயுற்ற உறவினரைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான். எங்கள் பாட்டன் பூட்டன்களில் எத்தனையோ பேர் சட்டத்தின் கணக்கில் "குற்றவாளிகள்".

தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகானஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913-ஆம் ஆண்டு சத்தியாக்கிரகத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டினார். தண்டனை, மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல். உடல் நலிந்து வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். இன்று அவர் பெயரில் கட்டடங்கள் நிற்கின்றன. சிறைப் பதிவேட்டில் அவர் ஒரு கைதி. அவர் செய்த செயல் மாறவில்லை; அதற்கு நாம் வைக்கும் பெயர் மாறிவிட்டது.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்வதை 1949-இல் தடை செய்த சட்டம் 1985 வரை உயிரோடு இருந்தது. இங்கே டாகா என்று சொல்லப்படும் கஞ்சாவை வயது வந்த ஒருவர் தம் வீட்டுக்குள் தனியாகப் பயன்படுத்துவது 2018 செப்டம்பர் 17 வரை குற்றம். மறுநாள் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அது குற்றம் இல்லை. ஓர் இரவில் அந்த மனிதனின் குணமா மாறியது?

அதற்காகக் கொலையும் கொள்ளையும் வெறும் கண்ணோட்டம் என்று குற்றவியல் சொல்வதில்லை. கோட்டை யார் எங்கே கிழிக்கிறார்கள், அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்குச் சிறை என்று பார்க்கச் சொல்கிறது.

பழமொழிகளும் கோட்பாடுகளும்

கோட்பாடு என்றதும் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். தேவையில்லை. குற்றவியலின் பெரிய கோட்பாடுகளில் பாதிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே சொந்தக்காரர்கள். பழமொழி சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடும். கோட்பாடு சொன்ன பிறகுதான் சோதனை தொடங்கும் என்பது ஒன்றே வேறுபாடு.

"அடியாத மாடு படியாது." தண்டனைக்குப் பயந்துதான் மனிதன் ஒழுங்காக இருக்கிறான் என்னும் இந்தக் கருத்துக்குத் தடுப்புக் கோட்பாடு என்று பெயர். இத்தாலியரான பெக்காரியா 1764-லேயே இதில் ஒரு திருத்தம் சொன்னார்: தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, அது எவ்வளவு உறுதியாக, எவ்வளவு விரைவாக வரும் என்பதே முக்கியம். எங்கள் ஊரில் எந்தக் கொலைச் செய்தி வந்தாலும் தேநீர் ஆறுவதற்குள் "தூக்குத் தண்டனை திரும்ப வர வேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிடுவார். 1995-இல் தூக்கை நீக்கிய அரசியல் சாசன நீதிமன்றம் இந்த வாதத்தையும் கேட்டுத்தான் தீர்ப்பளித்தது. பிடிபடுவோம், நிரூபிக்கப்படும், தண்டனை கிடைக்கும் என்னும் வாய்ப்பே குற்றத்தைத் தடுக்கும் பெரிய சக்தி என்பது தீர்ப்பின் சாரம். மாடு பிரம்பின் தடிமனுக்குப் பயப்படுகிறதா, மேய்ப்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்குப் பயப்படுகிறதா? அதைக் கேட்கக் கற்றுக்கொள்வதே முதல் பருவப் பாடம்.

"முகத்தைப் பார், திருட்டு முழி." 1876-இல் லொம்புரோசோ என்னும் இத்தாலிய மருத்துவர் இதையே அறிவியல் என்று எழுதினார், மண்டை, தாடை, காது இவற்றின் அமைப்பை வைத்துப் பிறவிக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்றார். அது தவறென்று நிரூபிக்கப்பட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் நம் தெருக் காவல் குழுக்களின் வாட்ஸ்அப்பில் "சந்தேகத்துக்குரிய நபர்" என்று வரும் படங்களைப் பாருங்கள். லொம்புரோசோ இன்னும் சாகவில்லை.

"பசி வந்தால் பத்தும் பறக்கும்." இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் வறுமையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். வறுமை மட்டுமே காரணமென்றால் ஏழைகள் எல்லோரும் திருடர்களாக இருக்க வேண்டும். மிகப் பெரும்பாலான ஏழைகள் வாழ்நாள் முழுவதும் ஒரு ரொட்டியைக்கூடத் திருடுவதில்லை. பெண்களும் ஏழைகள்தான், சிறைகளில் இருப்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் கேள்வியைச் சற்றே திருப்பினார். இல்லாமையைவிட, இடைவெளிதான் அழுத்துகிறது என்றார். நல்ல வீடு, கார், செருப்பு வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அங்கே போகும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால், மற்றவர்களில் சிலர் சுவரேறிக் குதிப்பார்கள். இதற்கு அழுத்தக் கோட்பாடு என்று பெயர். டர்பனில் உம்ஷ்லாங்கா வணிக வளாகத்தின் கண்ணாடிச் சுவரைப் பார்த்துவிட்டு மினி பஸ்ஸில் தகரக் கூரைக்குத் திரும்பும் ஓர் இளைஞனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்படியானால் வயிறு நிறைந்தவன் திருடுவது ஏன்? 2018-இல் தொடங்கி 2022-இல் அறிக்கைகள் தந்த சொண்டோ ஆணையம் விசாரித்தது அரசைக் கைப்பற்றிச் சுரண்டியவர்களைப் பற்றி. அவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. இன்னோர் அமெரிக்கச் சமூகவியலாளரான எட்வின் சதர்லண்ட் 1939-லேயே, பதவியிலும் மதிப்பிலும் உயர்ந்தவர்கள் தம் தொழிலின் வழியாகச் செய்யும் குற்றங்களுக்கு வெள்ளைக் காலர் குற்றம் என்று பெயர் வைத்து, இவற்றை விட்டுவிட்டு எழுதும் எந்தக் கோட்பாடும் ஒற்றைக்கால் நாற்காலி என்னும் பொருள்படப் பேசினார். குற்றம் கற்றுக்கொள்ளப்படுவது, கூட்டாளிகளிடமிருந்து கைத்திறனையும் சாக்குப்போக்கையும் சேர்த்தே கற்கிறார்கள் என்பதும் அவர் வாதம். பன்றியோடு சேர்ந்த கன்று என்று நம் ஆட்கள் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கன்று எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறது என்பதைத்தான் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

திறந்த வீடும் மூடிய வீடும்

எங்கள் விளக்குக்குப் பொருந்திய கோட்பாடு இன்னொன்று. கோஹன், ஃபெல்சன் என்னும் இருவர் 1979-இல் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கா செழித்தது, வறுமை குறைந்தது, திருட்டோ கூடியது. பசிப் பழமொழி இங்கே தோற்றுப்போகிறது. அவர்கள் சொன்ன விடை எளியது. பெண்களும் வேலைக்குப் போனதால் பகலில் வீடுகள் வெறிச்சோடின. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய விலையுயர்ந்த சாமான்கள் வீட்டுக்குள் வந்தன. குற்றம் நடக்க மூன்று ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும்: செய்யத் துணிந்த ஆள், எடுக்கத் தகுந்த பொருள், தடுக்க ஆளில்லாமை. அன்றாட வாழ்க்கை மாறினால் இம்மூன்றும் சந்திக்கும் வாய்ப்பும் மாறும் என்பதால் இதற்கு அன்றாட நடவடிக்கைக் கோட்பாடு என்று பெயர்.

எங்கள் கோயிலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆள் எப்போதும் இருந்தான். பொருள் மாறியது: அதே பித்தளைதான், விலை ஏறிவிட்டது. காவலும் மாறியது. முன்பு கோயில் வளாகத்திலேயே குடியிருந்த பூசாரி வேறு இடத்துக்குப் போய்விட்டார். அது மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டு. விளக்கு திருடுபோன இரவு எங்கள் பகுதிக்கு இருட்டு முறை. எச்சரிக்கை மணியின் பேட்டரி செத்துக் கிடந்ததைத் திருட்டுக்குப் பிறகுதான் பார்த்தோம். மூன்றும் சந்தித்துக்கொண்டன.

காவலைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். எங்கள் ஊர் அதையும் பார்த்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவல்துறை கண்ணில் படாத அந்த நாட்களில், டர்பனை ஒட்டி இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் குடியிருப்பாளர்கள் சாலைகளில் தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். அந்தப் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். காவல் என்று நின்ற இடத்திலேயே கொலைகள் நடந்தன. ஃபீனிக்ஸ் பிள்ளையும், கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பக்கத்து இனாண்டா பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து இதைப் பேசும்போது இருவரிடமும் தத்தம் வீட்டுக் கதை இருக்கும். மற்றவர் கதையையும் சான்றாக எடுத்துக்கொள்ளப் பழக்குவது இந்தப் படிப்பின் கடினமான பகுதி. கணக்குப் பாடம்கூட அதற்கடுத்துத்தான்.

எண்களை நம்புவதும் நம்பாமல் இருப்பதும்

கணக்கு உண்டா என்று கேட்டால், உண்டு. பயப்படும் அளவுக்கு இல்லை.

தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் 2022-23 ஆண்டுக் கணக்கில் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள் பதிவாயின. இந்தியாவில் 2022-இல் பதிவானவை 28,522. இரண்டும் ஏறக்குறைய ஒன்றா? இந்தியாவில் சுமார் 140 கோடிப் பேர். இங்கே சுமார் 6 கோடி. எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதம் பார்க்க வேண்டும்: ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்பது. இந்தியாவில் அது ஏறக்குறைய 2. இங்கே ஏறக்குறைய 45. இந்த ஒரு வகுத்தலைச் செய்யாததால் வரும் தவறான தலைப்புச் செய்திகளை எண்ணினால் ஆயுள் போதாது.

கொலைக் கணக்கை ஓரளவு நம்பலாம். பிணம் ஒன்று கிடக்கிறது, மறைப்பது கடினம். மற்றவற்றில் கவனம் தேவை. காவல் நிலையத்துக்கே போகாத குற்றங்கள் ஏராளம்; அவற்றைக் குற்றத்தின் இருண்ட எண்ணிக்கை என்பார்கள். கார் திருடுபோனால் எல்லோரும் புகார் கொடுக்கிறார்கள், ஏனென்றால் வழக்கு எண் இல்லாமல் காப்பீட்டுக்காரர் பணம் தரமாட்டார். கணவன் அடித்தால்? வேலியில் காய்ந்த துணி போனால்? பலர் போவதில்லை. ஆகவே ஒரு வட்டாரத்தில் புகார் கூடினால் குற்றம் கூடியதாகவும் இருக்கலாம். காவல் நிலையத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை கூடியதாகவும் இருக்கலாம். இதைச் சரிபார்க்கத்தான் 1998-இல் தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன நேர்ந்தது, புகார் கொடுத்தீர்களா?" என்று கேட்கும் முதல் தேசியக் கணக்கெடுப்பை நடத்தியது.

சுருங்கச் சொன்னால்: கோட்பாடு ஏன் என்று ஊகிக்கிறது, எண்கள் அந்த ஊகத்தைச் சோதிக்கின்றன, அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று கேட்பவரே குற்றவியல் மாணவர்.

மூன்று ஆண்டுகளில் என்ன படிப்பீர்கள்

இளங்கலைப் பட்டம் மூன்றாண்டு, 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேரப் படிப்பு; வகுப்பு, வாசிப்பு, கட்டுரை எல்லாம் சேர்த்து. ஆக 3,600 மணி நேரம். பெரும்பகுதி வாசிப்பும் எழுத்தும்தான். பிணவறைப் பக்கம் போகும் வேலை இராது.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறினாலும் பொதுவான போக்கு இதுதான். முதலாண்டில் அறிமுகம், கூடவே சமூகவியல், உளவியல், சட்டம், மொழி போன்ற வேறு பாடங்கள். இரண்டாமாண்டில் கோட்பாடுகள், சிறையும் தண்டனையும், பாதிக்கப்பட்டோரைப் பற்றிய படிப்பு. மூன்றாமாண்டில் குற்றத் தடுப்பு, ஆய்வு முறைகள். அதன் பின் விரும்பினால் ஓராண்டு ஹானர்ஸ். அங்கேதான் சொந்தமாக ஓர் ஆய்வு செய்வீர்கள்.

எங்களூரில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இந்தத் துறை இருக்கிறது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க யூனிசாவின் தொலைநிலைக் கல்வி. கேப் டவுனில் இது சட்டப்புலத்தைச் சார்ந்தது, பெரும்பாலும் மேற்படிப்பு. குவாசூலு-நட்டாலில் 2014 முதல் புதிதாகச் சேரும் மாணவர்கள் அடிப்படை சூலு மொழியும் கற்க வேண்டும். சிலர் முணுமுணுக்கிறார்கள். இந்த மாகாணத்தில் மக்களிடம் போய்க் கேள்வி கேட்டுப் பிழைக்கப் போகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

சேர, மெட்ரிக்கில் பட்டப்படிப்புக்குரிய தேர்ச்சி வேண்டும். துறைவாரியான மதிப்பெண் நிபந்தனையைத் தனியே பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதி உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க மறக்க வேண்டாம். தேதி தவறவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

படித்து முடித்த பிறகு

இங்கே பலர் பூசி மெழுகுவார்கள். நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் வழக்கறிஞராக முடியாது; அதற்குச் சட்டப் பட்டம் தனி. உளவியலாளராக முடியாது, அதற்கு முதுகலையும் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் பதிவும் வேண்டும். தடயவியல் ஆய்வுக்கூடம் அறிவியல் பட்டம் கேட்கும். காவலராவதற்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. மெட்ரிக் முடித்துத் தேர்வானால் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்புவார்கள், அப்படி ஒன்று எங்கள் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது.

பிறகு எங்கே போகிறார்கள்? சீர்திருத்தத் துறை, அதாவது சிறைகள். வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் மோசடி விசாரணைப் பிரிவுகள். காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பு. தனியார் பாதுகாப்புத் தொழில். பதிவு செய்து பணியில் இருக்கும் காவலாளிகள் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல், காவல்துறையைவிடப் பல மடங்கு. நகராட்சிகளின் பாதுகாப்புத் திட்டப் பிரிவுகள். 1910 முதல் சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு உதவும் நிக்ரோ போன்ற தொண்டு நிறுவனங்கள். மேற்படிப்பு முடித்த சிலர், தண்டனை விதிக்கும் முன் குற்றவாளியின் பின்னணியை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருகிறார்கள்.

ஆகவே, துணையாக எடுக்கும் இரண்டாவது முதன்மைப் பாடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மோசடி விசாரணைக்குப் போக ஆசை என்றால் கணக்கியல். சிறைப்பணி என்றால் உளவியல். நகரத் திட்டம், வரைபடம் பிடிக்குமென்றால் புவியியல். நண்பர்கள் எடுத்தார்கள் என்று எடுத்தால், மூன்றாண்டு கழித்து நண்பர்களோடு சேர்ந்து வேலை தேடலாம்.

அந்தப் பெண் கடைசியில் குற்றவியலை அழிக்கவில்லை. பக்கத்தில் புவியியல் என்று எழுதினாள். எழுதிவிட்டு, இரும்புச் சங்கிலி போட்டுத் தரையோடு போல்ட் அடித்திருக்கும் எங்கள் புதிய விளக்கைப் பார்த்தாள். சங்கிலி போட்ட மூன்றாம் மாதம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயிலில் வெண்கல மணி திருடுபோனது அவளுக்கும் தெரியும். "நாம் சங்கிலி போட்டதால்தான் அங்கே போனார்களா, அங்கிள்?" என்று கேட்டாள். அதற்குக் குற்றத்தின் இடப்பெயர்வு என்று பெயர், சில இடங்களில் நடக்கிறது, பல இடங்களில் நடப்பதில்லை, மூன்றாமாண்டில் வரும் என்றேன்.

ஆயா அதுவரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் சரி, நம் விளக்கை எடுத்தது யார் என்று எப்போது சொல்வாள்?" என்றார்.

"அது இந்தப் படிப்பில் வராது, ஆயா."

"மூன்று வருடம் படித்துமா?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போனார்.